உப்பே வராமல் வற்றிய கிணறு

என் கூடப்பிறந்த அண்ணாச்சி அவர்களைப் பெயர் சொல்லிக் கேட்டால் இந்த ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. 'மோட்டார் வைக்காத சிலோன்காரர்' என்று சொன்னால் பஸ் ஸ்டாண்டில் வெற்றிலை விற்கிறவர்கூட வழி காட்டுவார். அவர்கள் மறைந்து ஒரு வருஷம் ஓடிவிட்டது. வருஷத் திதிக்கு ஒரு மலர் போட வேண்டும் என்று அவர்கள் மனைவியான மதினி சொன்னபோது நான் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. மலர் என்றால் குணக்குன்று, பொறுமையின் உருவம் என்றெல்லாம் எழுத வேண்டும். அண்ணாச்சி குணமானவர்கள்தான், எனக்கு அதில் சந்தேகமே கிடையாது. ஆனால் அவர்களுடைய பிடிவாதத்தை விட்டுவிட்டு எழுதினால் அது யாரோ மூன்றாம் மனிதருக்கு எழுதினது ஆகிவிடும். அதைத்தான் மதினியிடம் சொன்னேன். உள்ளதை உள்ளபடி எழுதச் சொல்லிவிட்டார்கள். அதனால் எழுதுகிறேன். படிக்கிறவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

நாங்கள் இரண்டு பேரும் பிறந்தது முருகைத்தீவில். யாழ்ப்பாணத்துக்குத் தென்மேற்கே கடலில் சிதறிக் கிடக்கிற தீவுகளில் ஆகச் சிறியது. எங்கள் அப்பாவுக்கு இளையரசனேந்தல் பக்கம் சொந்த ஊர். மழையை நம்பிக் கிடக்கிற கரிசல் நிலத்தில் மூன்று வருஷம் தொடர்ந்து விதைத்ததும் போய், சின்ன வயதிலேயே கப்பல் ஏறிவிட்டார்கள். கொழும்பில் கடைச் சிப்பந்தியாக இருந்து, கொஞ்சம் கையில் சேர்ந்ததும், வேறு யாரும் கடை போடத் துணியாத அந்தத் தீவுக்குப் போய் இறங்குதுறைப் பக்கத்தில் பலசரக்குக் கடை திறந்தார்கள்.

தீவு என்றதும் இங்கே எல்லாரும் தென்னந்தோப்பு, மீன் குழம்பு, கடல் காற்று என்று நினைத்துக்கொண்டு, கொடுத்து வைத்தவர்கள் என்கிறார்கள். கொடுத்து வைத்தது எங்களுக்குத் தெரியும். மலை கிடையாது, ஆறு கிடையாது. கிழக்குக் கரையில் காலையில் நடக்க ஆரம்பித்தால் வெயில் ஏறுவதற்குள் மேற்குக் கரையில் கால் நனைக்கலாம். மண்வெட்டியை ஓங்கிப் போட்டால் கல்லில் மோதும். முருகைக்கல், அதாவது கடலில் வளருகிற பவளப்பாறை. வீட்டுச் சுவருக்கும் அந்தக் கல்தான், வேலிக்கும் அந்தக் கல்தான், சுண்ணாம்பு வேண்டுமென்றால் அதையே சுட வேண்டியதுதான். பறங்கிக்காரர்கள் வந்து அந்தக் கல்லில் ஒரு கோட்டை கட்டினார்கள். ஒல்லாந்துக்காரர்கள் வந்து அதை இடித்து வேறொன்று கட்டினார்கள். இங்கிலீஷ்காரன் வந்து பார்த்துவிட்டு இது நமக்கு எதற்கு என்று போய்விட்டான். எங்கள் ஆட்கள் கோட்டைக் கல்லைப் பிடுங்கி ஆட்டுப்பட்டி கட்டிக்கொண்டார்கள். தீவின் சரித்திரம் இவ்வளவுதான்.

மீன் பிடிக்கிறவர்கள் ஒரு பக்கம், புகையிலைத் தோட்டக்காரர்கள் ஒரு பக்கம், பனை ஏறுகிறவர்கள் நடுவில். அம்மன் கோயில் ஒன்று, மாதா கோயில் ஒன்று. எந்தக் கோயிலில் கொடி ஏறினாலும் எல்லா வீட்டு அடுப்பும் அங்கே போய்விடும். தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று அடிக்கிற மாதங்களில் கடல் கொந்தளிக்கும், சரக்குப் படகான லாஞ்சி வராது. அப்போது கடையில் இருக்கிற அரிசியைத் தலைக்கு இவ்வளவு என்று பங்கிட்டுத்தான் விற்க வேண்டும். கூடக் கொடுக்கிறேன் எனக்கு மட்டும் தா என்று கேட்கிற ஆளும் அங்கே உண்டு, மனிதர்கள்தானே. அப்பாவும் அவர்களுக்குப் பிறகு அண்ணாச்சியும் அப்படி யாருக்கும் கொடுத்தது இல்லை.

அரிசிகூட லாஞ்சியில் வந்துவிடும். தண்ணீர்தான் பெரிய பாடு. இதைப் புரிந்துகொண்டால்தான் அண்ணாச்சியைப் புரிந்துகொள்ள முடியும், அதனால் பொறுமையாகப் படிக்கவும். தீவில் பெய்கிற மழை முருகைக்கல்லுக்குள் இறங்கி, கீழே இருக்கிற கடல்தண்ணீரின்மேல் மிதந்துகொண்டு நிற்கும். காய்ச்சின பாலில் ஆடை நிற்கிற மாதிரி. ஆடையை மட்டும் மெதுவாக எடுத்தால் நல்ல தண்ணீர். அவசரப்பட்டு ஆழத்தில் கைவைத்தால் அடியிலிருக்கிற உப்பு மேலே ஏறிவிடும். ஏறின உப்பு இறங்காது என்று தீவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

அதற்காக அங்கே ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார்கள். மாரி முடிந்து தை பிறந்ததும் பெரியவர்கள் ஒவ்வொரு கிணற்றையும் எட்டிப் பார்த்து, இந்த வருஷம் கிணற்றுக் கயிறு இவ்வளவு நீளம் என்று தீர்மானிப்பார்கள். தீவு முழுவதற்கும் ஒரே நீளம்தான். பனையோலைப் பட்டையை அந்தக் கயிற்றில் கட்டி, எட்டுகிறவரைக்கும் அள்ளிக்கொள்ளலாம். தண்ணீர் கயிற்றுக்கு எட்டாமல் கீழே போய்விட்டால், கிணற்றுக்குள் எவ்வளவு தண்ணீர் நின்றாலும் தொடக் கூடாது. அடுத்த மழைவரைக்கும் அந்தக் கிணறு சும்மா கிடக்கும். எட்டுகிற வேறு கிணற்றுக்கு நடக்க வேண்டியதுதான். கயிறு விற்கிற கடை எங்களுடையது ஒன்றே ஒன்று. கடைப் பலகையில் இரண்டு ஆணி அடித்திருக்கும். ஒன்று அசையாது. மற்றதை அந்த வருஷத்து அளவுக்குப் பிடுங்கி அடிப்போம். வாங்க வருகிறவருக்கு அந்த இரண்டு ஆணிக்கும் நடுவில் பிடித்து வெட்டிக் கொடுப்பது அண்ணாச்சியின் வேலை. மாமன் மச்சான் என்று யார் வந்து கேட்டாலும் ஒரு விரற்கடை கூடுதலாக வெட்டமாட்டார்கள். கயிற்றில் ஒட்டுப்போட்டு நீட்டினவர் வீட்டு நல்லது கெட்டதுக்கு ஒருவரும் போகமாட்டார்கள்.

அப்பா காலமான பிறகு அண்ணாச்சி கடைக்குப் பொறுப்பானார்கள். அப்போது மீசை சரியாக முளைத்திராத வயது. மேற்குத் தெருவில் ஒரு புகையிலைத் தோட்டக்காரர் தன் கிணற்றுக்கு எஞ்சின் ஒன்று கொண்டுவந்து பூட்டினார். எஞ்சினுக்குக் கயிறு கிடையாது, அதனால் கட்டுப்பாடும் கிடையாது என்று வாதாடினார். பெரியவர்களுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் வேண்டுமே, அதை எங்கள் கடையில்தான் வாங்கினார். எண்ணெய் விற்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை, அண்ணாச்சியும் அளந்து ஊற்றினார்கள். ஒரே கோடை. ஆனி மாதம் அந்தத் தோட்டத்துக் கிணற்றில் உப்பு வந்தது. அவர் கிணற்றோடு நின்றதா? மேற்குத் தெருக் கிணறுகள் அத்தனையிலும் ஏறியது. எங்கள் வீடும் அந்தத் தெருவில்தான். அம்மா பருப்பைப் போட்டால் விடிந்து அடையும்வரைக்கும் வேகாது. தேத்தண்ணீரில் பால் விட்டால் திரிந்துபோகும். தென்னை ஓலையெல்லாம் நுனி கருகி நின்றது. கடைசியில் தெருவே எழுந்து கிழக்குப் பக்கம் குடிபோனது. தோட்டக்காரர் எஞ்சினையும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போய்விட்டார்.

எண்ணெய் விற்றதற்காக அண்ணாச்சியை யாரும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நான் பல தடவை நினைத்திருக்கிறேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கடையைத் திறப்பதற்கு முன்னால் மேற்குத் தெருவுக்கு நடந்து போவார்கள். எங்கள் பழைய வீட்டுக் கிணற்றில் ஒரு கை அள்ளி வாயில் வைத்துப் பார்த்துத் துப்பிவிட்டு வருவார்கள். எத்தனையோ மாரி பெய்தது, அந்தக் கிணறு இனிக்கவே இல்லை. மதினியும் அந்தத் தெருவில் வீட்டை விட்டு வந்த குடும்பம்தான். பெண் பார்க்கப் போன இடத்தில்கூடக் கிணற்றுப் பேச்சைத்தான் பேசினார்கள் என்று மதினி இப்போதும் சொல்லுவார்கள்.

எழுபதுகளின் தொடக்கத்தில் இரண்டு அரசாங்கமும் பேசி வைத்துக்கொண்டபடி, எங்கள் அப்பா இந்தியாவில் பிறந்தவர் என்பதால் எங்களையும் இந்தியாவுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். அண்ணாச்சிக்கு அந்தத் தீவை விட்டால் யாழ்ப்பாணம் தெரியும், அவ்வளவுதான். கடையை விற்றோம். தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேசுவரத்தில் இறங்கி, ரயில் பிடித்துச் சங்கரன்கோவில் வந்து சேர்ந்தோம். அப்பாவின் உறவினர் சிலர் இங்கே இருந்தார்கள், நல்லபடியாகச் சேர்த்துக்கொண்டார்கள். மறுநாள் காலையில் மதினி மேற்கே சிவகிரிப் பக்கத்து மலையைப் பார்த்துவிட்டு, மழை வருது போலக் கிடக்கு, உடுப்பை உள்ளே எடுப்பம் என்றார்கள். அதுவரைக்கும் மலையைக் கண்ணால் பார்த்தது கிடையாது.

கையிலிருந்ததை வைத்துத் திருவேங்கடம் போகிற பாதையில் ஒரு தோட்டம் வாங்கினோம். எங்கள் குடும்பம் முழுவதும் நம்பி இருந்தது அந்தத் தோட்டத்தையும் அதன் நடுவிலிருந்த கிணற்றையும்தான். அது பிழைத்தால் நாங்கள் பிழைப்போம், வேறு தொழில் எங்களுக்குத் தெரியாது. கிணறு நல்ல கிணறு. நாலு பக்கமும் கல் கட்டி, கமலை பூட்டி மாட்டை வைத்து இறைக்கிற மாதிரி இருந்தது. பத்திரம் முடித்த அன்று அண்ணாச்சி செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் படியில் இறங்கி, ஒரு கை அள்ளி வாயில் வைத்தார்கள். நெடுநேரம் மேலே வரவில்லை. நான் பயந்துபோய் எட்டிப் பார்த்தேன். இரண்டு கையையும் தண்ணீருக்குள் விட்டபடி உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். "தம்பி, இது இனிக்குதடா" என்றார்கள். சந்தோஷத்தில் அண்ணாச்சி அழுது நான் பார்த்தது அந்த ஒரு தரம்தான்.

அடுத்த நாளே சுண்ணாம்பைக் குழைத்துக் கிணற்றுச் சுவரில் ஒரு கோடு போட்டார்கள். தண்ணீர் அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கினால் இறைப்பு கிடையாது. இங்கே கடல் எங்கே இருக்கிறது, உப்பு எங்கே இருக்கிறது என்று நான் கேட்டேன். கடல் கண்ணுக்குத் தெரியாவிட்டால் இல்லை என்று ஆகிவிடாது என்றார்கள். தினமும் காலையில் முதல் சால் தண்ணீரில் கொஞ்சம் எடுத்து வாயில் வைத்துப் பார்ப்பார்கள். பிறகுதான் மாட்டை ஓட்டச் சொல்லுவார்கள்.

இரண்டு மூன்று வருஷம் மழை நன்றாகப் பெய்தது, கோட்டுக்குக் கீழே இறங்கவில்லை, பிரச்சினையும் வரவில்லை. அதற்குள் தோட்டங்களுக்குக் கரண்ட் வந்துவிட்டது. சுற்றிலும் ஒவ்வொருவராக மோட்டார் வைத்தார்கள். பக்கத்துத் தோட்டத்து மாமா வைத்தார்கள். மாமா என்றால் உறவில் ஒன்றுமில்லை, வந்த நாளிலிருந்து எங்களை மாப்பிள்ளை என்று கூப்பிட்டதால் மாமா. எந்த நல்லது கெட்டது என்றாலும் முதலில் வந்து நிற்கிற மனிதர். எங்கள் தோட்டத்துக்கும் சேர்த்துக் கம்பம் நட எழுதிக் கொடுங்கள் என்று அவர்களே வீட்டுக்கு வந்து சொன்னார்கள். அண்ணாச்சி எழுந்து நின்று அவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டு, அந்தப் பேச்சை மட்டும் எடுக்க வேண்டாம் என்றார்கள்.

அதற்கடுத்த வருஷம் வெங்காயம் போட்டிருந்தோம். பங்குனியில் மழை ஏமாற்றியது. தண்ணீர் சுண்ணாம்புக் கோட்டுக்குக் கீழே இறங்கியது. அண்ணாச்சி மாட்டை அவிழ்த்துவிட்டார்கள். கிணற்றில் இன்னும் ஆள் முங்குகிற அளவுக்குத் தண்ணீர் நிற்கிறது, மேலே வெங்காயத் தாள் மஞ்சளாகிச் சாய்கிறது. மரியாதை எல்லாம் பறந்துவிட்டது, கிணற்று மேட்டில் நின்று வாய்க்கு வந்தபடி கத்தினேன். அண்ணாச்சி திருப்பிக் கத்தவில்லை.

"பயிர் போனால் வாற வருசம் வைக்கலாம். கிணறு போனால் என்னத்தை வைக்கிறது?" என்று கேட்டார்கள்.

சத்தம் கேட்டுப் பக்கத்துத் தோட்டத்து மாமா வந்துவிட்டார்கள். கிணற்றை எட்டிப் பார்த்தார்கள், வெங்காயத்தைப் பார்த்தார்கள், எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார்கள். வரப்பில் அண்ணாச்சி பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு மெதுவாகத்தான் பேசினார்கள்.

"மாப்ள, நீங்க மிச்சம் வைக்கிற தண்ணி ஒங்க கெணத்துலயே நிக்கும்னு நெனைக்கீயளா? கீழ பாறையில எல்லாத் தோட்டத்துக்கும் ஒரே வெடிப்புதான் ஓடுது. நான் மோட்டாரப் போட்டா ஒங்க தண்ணிதான் எங்க வாய்க்கால்ல வருது. நான் நிறுத்துனாலும் அந்தப் பக்கத்துக்காரன் இழுத்துருவான். இங்க உப்பு இல்ல மாப்ள. இங்க இருக்கது நாங்கதான்."

அண்ணாச்சி எழுந்து கிணற்றுக்குள் பார்த்தபடி நின்றார்கள். மாமா அவர்கள் பொய் சொல்லுகிற ஆள் இல்லை என்று அண்ணாச்சிக்குத் தெரியும். இனிமேலாவது மோட்டாருக்குச் சம்மதிப்பார்கள் என்று நான் நினைத்தேன். நினைத்ததுதான் மிச்சம்.

அண்ணாச்சி செய்தது வேறு. மறுநாள் வெள்ளை வேட்டி உடுத்திக்கொண்டு தோட்டம் தோட்டமாகக் கிளம்பிவிட்டார்கள். எல்லாக் கிணற்றிலும் ஒரே அளவில் ஒரு கோடு போடுவோம், கோட்டுக்குக் கீழே யாரும் எடுக்க வேண்டாம், தீவில் அப்படித்தான் தலைமுறை தலைமுறையாகக் குடித்தோம் என்று ஒவ்வொருவரிடமும் விளக்கினார்கள். நான் கூடப் போனேன். வெட்கம் பிடுங்கித் தின்றது, ஆனாலும் தனியாக விட மனசு வரவில்லை. ஒருவரும் விரட்டவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கட்டில் போட்டு உட்காரச் சொன்னார்கள், மோர் கொடுத்தார்கள், பதநீர் கொடுத்தார்கள், தீவைப்பற்றி ஆர்வமாகக் கேட்டார்கள். கடைசியில் எல்லாரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். மற்றவர்கள் நிறுத்தினால் நானும் நிறுத்துகிறேன். டீக்கடையில் 'கோடு வருதுலே' என்று சிரித்தார்கள், அதையும் அண்ணாச்சி கேட்டுக்கொண்டுதான் நடந்தார்கள்.

ஆடித் தபசுத் திருவிழா கழிந்த பின் ஒரு நாள் குறித்து, ஊருக்கு வெளியே இருந்த பிள்ளையார் கோயில் மரத்தடியில் எல்லாத் தோட்டக்காரரையும் கூடச் சொன்னார்கள். மதினி ஒரு பெரிய பானையில் பானக்கம் கரைத்து வைத்தார்கள். நானும் அண்ணாச்சியும் ஜமுக்காளம் விரித்தோம். வெயில் தாழுகிறவரைக்கும் காத்திருந்தோம். பக்கத்துத் தோட்டத்து மாமா ஒருவர்தான் வந்தார்கள். சும்மா வந்தார்கள், எங்கள் முகத்துக்காக. அந்தப் பானக்கத்தை வழியில் போன ஆட்டுக்காரர்களுக்கு ஊற்றிவிட்டுப் பானையைக் கவிழ்த்தோம். ஜமுக்காளத்தை மடிக்கும்போது, தீவில் வெளியே போக இடமில்லை, அதனால்தான் எல்லாரும் சொன்ன சொல் கேட்டார்கள்போல என்றார்கள் அண்ணாச்சி. பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. கோட்டை மட்டும் அழிக்கவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் வந்த பஞ்சத்தை யாருக்கும் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. சுற்றிலும் கிணறுகளை வெடி வைத்து ஆழப்படுத்தினார்கள், உள்ளுக்குள் துளை போட்டார்கள். எங்கள் கிணறுதான் முதலில் வற்றியது. ஒரு நாள் காலையில் அண்ணாச்சி படியிறங்கிப் போய், அடியிலே பாறைக் குழியில் தேங்கின கலங்கல் தண்ணீரைக் கைக்குட்டையில் வடித்து வாயில் வைத்துப் பார்த்துவிட்டு மேலே வந்தார்கள். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். இனிக்கிறது என்றார்கள். அடுத்த வாரம் அதுவும் இல்லை. கிணறு சாவதற்கு உப்பு ஏறுவது ஒன்றுதான் வழி என்று வாழ்நாளெல்லாம் காவல் இருந்தவர்கள். உப்பே வராமல் ஒரு கிணறு செத்துப்போகும் என்பது அவர்களுக்குத் தெரியாது. எனக்கு அன்றைக்கு அவர்கள்மேல் கோபமே வரவில்லை. கோபம் வந்திருந்தால் தேவலை.

அதற்குப் பிறகு, உனக்குப் பட்டதைச் செய் என்று என்னிடம் விட்டுவிட்டார்கள். ஆழ்துளை போடுகிற போர் வண்டி வரவழைத்தேன். ஒரு பகல் முழுவதும் இறங்கியது. வெள்ளைப் பொடிதான் பறந்தது, ஈரத்தைக் காணோம். பொடி அண்ணாச்சியின் தலையிலும் தோளிலும் படிந்துகொண்டே இருந்தது, தட்டிவிடாமல் நின்றார்கள். மதினி போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார்கள். அன்றோடு எங்கள் தோட்டம் முடிந்தது. இப்போது அதில் சீமை உடைமரம், அதாவது கருவேல முள்தான் நிற்கிறது. அண்ணாச்சியின் ஒரே மகன் ராஜபாளையத்தில் மில் வேலைக்குப் போனான். நான் விசைத்தறிக்குப் போனேன். அண்ணாச்சி தேரடிப் பக்கத்தில் ஒரு பலசரக்குக் கடையில் பொட்டலம் மடித்துக் கொடுக்கிற வேலையில் சேர்ந்தார்கள். முதலாளியாகக் கடையில் இருந்தவர்கள் சிப்பந்தியாக நின்றார்கள். அதைப்பற்றி ஒரு நாளும் குறைப்பட்டது இல்லை.

இலங்கையில் கலவரம் வந்து ஜனங்கள் படகு படகாக ராமேசுவரத்தில் வந்து இறங்கின காலம். முருகைத்தீவுக்காரர் ஒருவர் முகாமில் விசாரித்து, விலாசம் தேடி எங்கள் வீட்டுக்கு வந்தார். எங்கள் கடையில் கயிறு வாங்கினவர். அண்ணாச்சிக்கு அவரைப் பார்த்ததும் கால் தரையில் பாவவில்லை. மதினி அவசரமாக உலை வைத்தார்கள். யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று ஒவ்வொரு வீடாக அண்ணாச்சி கேட்டார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் அவர் ஒரு ஊர்ப் பெயர் சொன்னார். வவுனியா, மண்டபம், திருச்சி, கனடா. தீவில் வயதானவர்கள் நாலைந்து பேர் மிஞ்சியிருப்பதாகவும், அவர்களும் போகத்தான் இருக்கிறார்கள் என்றும் சொன்னார்.

அப்படியானால் கிணறு எல்லாம் என்ன நிலைமை என்று அண்ணாச்சி கேட்டார்கள்.

"கிணறு எல்லாம் முட்டி நிக்குது அண்ணை. அள்ளத்தான் ஆக்கள் இல்லை" என்றார் அவர். கொஞ்சம் பொறுத்து, "மேற்குத் தெருவிலை உங்கட வீட்டுக் கிணறும் இப்ப நல்ல தண்ணியாம். புறப்படுறதுக்கு முதல் நானே குடிச்சுப் பாத்தனான். இனிக்குது" என்றார்.

மதினி அடுப்படியிலிருந்து வெளியே வந்து நின்றுவிட்டார்கள். அண்ணாச்சி சந்தோஷப்படுவார்கள் என்று வந்தவர் ஆசையாகச் சொன்ன செய்தி அது. அண்ணாச்சி தரையையே பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

"மனுசர் இல்லாட்டித்தான் இனிக்கும் போல" என்றார்கள்.

அவர்கள் உடம்பு விழுந்தது அன்றிலிருந்துதான். டாக்டர் வேறு காரணம் சொன்னார், சிறுநீரகத்தில் கல், நீர் இறங்கவில்லை என்றார். எனக்குத் தெரிந்தது எனக்கு. நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லியிருந்தார். மதினி செம்பில் கொண்டுவந்து வைப்பார்கள். அண்ணாச்சி இரண்டு மடக்குக் குடித்துவிட்டு மூடி வைப்பார்கள். குடியுங்கோ, குழாயில்தான் வருதே என்று மதினி கெஞ்சுவார்கள். குழாயில் வருகிற தண்ணீர் எங்கேயிருந்து வருகிறது என்று அண்ணாச்சி கேட்பார்கள். மகன் வந்து அதட்டிப் பார்த்தான், நான் சண்டை போட்டுப் பார்த்தேன். கடைசி நாட்களில் ஆளைத் தெரியவில்லை, என்னைப் பார்த்து அப்பா என்றார்கள். ஒரு மத்தியான நேரம், மதினி தலையைத் தூக்கிப் பிடித்து நெஞ்சை நீவிக்கொண்டிருக்கும்போதே அடங்கிவிட்டார்கள்.

இந்தப் பக்கத்தில் நீர்மாலை எடுப்பது வழக்கம். உறவினர்கள் கொட்டு மேளத்தோடு கிணற்றுக்கோ குளத்துக்கோ போய்க் குடத்தில் தண்ணீர் எடுத்து வந்து, அந்தத் தண்ணீரில்தான் இறந்தவரைக் குளிப்பாட்ட வேண்டும். குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கின பிறகுதான் எந்தக் கிணற்றுக்குப் போவது என்று தெரியாமல் நின்றோம். எங்கள் கிணறு இல்லை. குளமும் வற்றி வெடித்துக் கிடந்தது. பக்கத்துத் தோட்டத்து மாமா முன்னால் நடந்தார்கள். அவர்கள் தோட்டத்தில் போய் மோட்டாரைப் போட்டார்கள். குழாயிலிருந்து தண்ணீர் கொட்டியது, குடங்களைப் பிடித்தோம். குடம் நிறைகிற நேரம் முழுவதும் மாமா மோட்டார் கொட்டகைச் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதார்கள். அண்ணாச்சி அந்தத் தண்ணீரில்தான் குளித்துப் போனார்கள்.

அண்ணாச்சி நினைத்தது ஒன்றும் நடக்கவில்லை. ஆறுதலாக ஏதாவது எழுதி முடிக்க வேண்டும் என்று எனக்கும் ஆசைதான், பொய் எழுத வரவில்லை.

அவர்களுக்கு வைத்தியம் பார்த்த டாக்டருக்கும், நடக்க முடியாமல் போன மாதங்களிலும் சம்பளம் நிறுத்தாமல் கொடுத்தனுப்பிய தேரடிக் கடை முதலாளிக்கும், முகாமிலிருந்து வந்து மூன்று நாள் துக்க வீட்டில் கூடவே இருந்த தீவுக்காரருக்கும், முன்பின் பழக்கமில்லாமல் வந்து சேர்ந்த எங்களைச் சொந்தமாக நினைத்துச் சுடுகாடுவரை வந்த தோட்டக்காரர்கள் அனைவருக்கும் மதினியும் மகனும் நானும் நன்றி சொல்லிக்கொள்கிறோம். பக்கத்துத் தோட்டத்து மாமாவுக்கு எப்படி நன்றி சொல்லுவது என்று எங்களுக்குத் தெரியவில்லை. இந்தச் சித்திரையிலிருந்து அவர்கள் தோட்டத்திலும் மோட்டார் நின்றுவிட்டது. அந்தப் பாதையில் இப்போது எந்தத் தோட்டத்திலும் மோட்டார்ச் சத்தம் கேட்கவில்லை.

இன்று திதிச் சாப்பாட்டுக்கான தண்ணீரைத் தொலைவிலிருந்து வண்டியில் பீப்பாய் வைத்துக் கொண்டுவந்திருக்கிறோம். இருப்பது கொஞ்சம்தான். பந்தியில் யாருக்கும் முழு தம்ளர் ஊற்ற வேண்டாம், பாதி போதும், கேட்கிறவர்களுக்கு மறுபடி ஊற்றலாம் என்று மதினி சொல்லியிருக்கிறார்கள். வந்தவர்கள் யாரும் தவறாக நினைக்க வேண்டாம்.